இரவுண்ணா நோன்பும் மனப்பசியும்

மதுரை மாநகரின் புறத்தே, ஆயர் பாடியில், ஒரு மனையில் அடுப்பு மூட்டப்படுகிறது. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்புவித்த கோவலனையும் கண்ணகியையும் ஆய்ச்சி மாதரி தனி மனையொன்றில் இருத்தியிருக்கிறாள். கோவலன் சாவக நோன்பி. ஆதலால் பகற்பொழுதில் அவன் உண்ணுதற்குரிய அடிசிலை ஆக்குவதற்கு ஏற்ற நற்கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுக்க வேண்டும் என்று அவள் ஆயர் மகளிரை ஏவுகிறாள். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் சாலி அரிசியும் வந்து சேர்கின்றன. ஐயை தீ மூட்டிக்கொடுக்க, மெல்லிய விரல் சிவக்க, முகம் வியர்க்கக் கண்ணகி சமைக்கிறாள். வாழைக் குருத்தில் பரிமாறப்பட்ட அவ்வுணவே கோவலன் உண்ட கடைசி உணவு.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் இக்காட்சியைக் கற்போர் பெரும்பாலும் கண்ணகியின் கைத்திறத்தையே நினைவிற் கொள்வர். ஆயினும் தமிழ்ச் சமணர்க்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. கோவலன் பொருள் அனைத்தையும் இழந்தவன், பெற்றோரைப் பிரிந்தவன், செய்த பிழையை எண்ணி எண்ணி உள்ளம் வெந்தவன். அத்தகைய துயரத்தின் நடுவிலும் அவன் உணவுக்கு ஒரு பொழுது இருந்தது. அப்பொழுதுக்கு ஒரு வரம்பு இருந்தது. அயலாரான ஆயர்களும் அவ்வரம்பை அறிந்து மதித்தனர். இரவுண்ணாமை தமிழகத்தில் எத்துணைப் பழைமையும் பரப்பும் உடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முனிவர் விரதமாகத் தொடங்கியது

இந்நோன்பு முதலில் துறவியர்க்கு உரியதாகவே தோன்றியது. மிகப் பழைய ஆகமங்களுள் ஒன்றான தசவைகாலிகம் ஐம்பெரும் விரதங்களை உரைத்தபின், இரவுணவு விலக்கலை ஆறாவது விரதமாக வைக்கிறது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் அகிம்சா விரதத்தை நிலைநிறுத்தும் ஐந்து பாவனைகளைக் கூறுமிடத்து, வெளிச்சத்தில் நன்கு பார்த்து உண்பதையும் பருகுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது.

அச்சூத்திரத்திற்குச் சர்வார்த்த சித்தி என்னும் உரை வகுத்த பூச்சியபாதர், இரவுண்ணாமையை ஏன் தனி விரதமாக எண்ணவில்லை என்னும் வினாவைத் தாமே எழுப்பி, அது அகிம்சையின் பாவனைக்குள் அடங்கிவிடுகிறது என்று விடையும் தருகிறார். பூச்சியபாதரின் மாணவராகிய வச்சிரநந்தியே கி.பி. 470 அளவில் மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவர் என்று தேவசேனரின் தர்சனசாரம் கூறும். ஆகவே இவ்விவாதம் நெடுந்தொலைவில் எங்கோ நிகழ்ந்ததன்று. அதன் எதிரொலி வைகைக் கரையிலும் கேட்டிருக்க வேண்டும்.

இல்லறத்தார்க்கு வந்த வழி

துறவியரின் ஒழுக்கம் இல்லறத்தாருக்கு வந்தபோது அது படிநிலைகளில் ஒன்றாக அமைந்தது. காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர், இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சாவகர்க்குரிய பதினொரு நிலைகளை வகுத்து, ஆறாவது நிலையாக இரவுண்ணாமையை வைத்தார். அந்நூலின் பெயரையும் பொருளையும் தழுவித் தமிழில் குறள் வெண்பாக்களால் எழுந்ததே அருங்கலச்செப்பு என்பதைத் தமிழ்ச் சமண இல்லங்கள் நன்கறியும்.

சமந்தபத்திரர் கூறும் இலக்கணத்தில் இரு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, விலக்கப்படுவது சோறு மட்டும் அன்று. உண்பன, பருகுவன, தின்பன, நக்குவன என்னும் நால்வகையும் விலக்கப்படுகின்றன. இரவில் 'சாப்பாடு' உண்பதில்லை, ஆனால் தட்டில் சிறிது முறுக்கும் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் மட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாரை அவ்வாசிரியர் முன்னரே அறிந்திருந்தார் போலும். இரண்டாவது, இந்நோன்பை ஏற்பவனின் உள்ளத்தை உயிர்களிடத்து இரக்கமுடைய உள்ளம் என்று அவர் சிறப்பிக்கிறார். உடலை ஒறுத்தல் அன்று, அருளே இதன் வேர்.

காலப்போக்கில் ஆறாம் படியில் இருந்த இந்நோன்பு அடித்தளத்திற்கே இறங்கி வந்தது. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாதரர், சாவகர் எவர்க்கும் இன்றியமையாத எட்டு மூலகுணங்களின் ஒரு வரிசையில் கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதலோடும் நீரை வடிகட்டிப் பருகுதலோடும் இரவுணவு விலக்கலையும் சேர்த்தார். கதிரவன் மறைவதற்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை அல்லது 48 நிமிடம் முன்னரே உணவை முடித்தல் என்னும் வழக்கமும் நிலைபெற்றது.

விளக்கொளி பற்றிய வாதம்

இரவுண்ணாமைக்கு இன்று பலரும் கூறும் காரணம் ஒன்றே. இருளில் சிற்றுயிர்கள் உணவில் விழும். அகல் விளக்கின் ஒளியை நாடி வரும் பூச்சிகள் மடியும். ஆகவே பகலில் உண்ண வேண்டும் என்பது அது. இக்காரணம் உண்மையே. ஆயினும் இதுவே முழுமை எனக் கொண்டதால் விளைந்த இழப்புப் பெரிது.

10 ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அமிர்தசந்திரர், புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் இப்பொருளை வாதமுறையில் ஆராய்கிறார். எதிர்வாதி ஒருவன் கேட்கிறான்: உண்பதால் உயிர்க்கேடு உண்டாகும் என்றால், பகலில் உண்பதை விட்டு இரவில் மட்டும் உண்ணலாமே, அவ்வாறு செய்தால் எப்பொழுதும் கேடு நிகழாதே? ஆசிரியர் அதனை மறுக்கிறார். பகலுணவைக் காட்டிலும் இரவுணவில் ராகம், அதாவது பற்று மிகுதி. சோற்றுக் கவளத்தை உண்பவனைவிட ஊன் கவளத்தை உண்பவனிடம் பற்று மிகுந்திருப்பது போல என்பது அவர் தரும் விடை. அதன்பின்னரே அவர் விளக்கைப் பற்றிப் பேசுகிறார். கதிரொளி இன்றி, விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டாலும், உணவில் வந்து சேரும் நுண்ணுயிர்களுக்கு நேரும் கேட்டை எவ்வாறு தவிர்ப்பது என்று வினவுகிறார்.

இவ்வரிசை கருதத்தக்கது. பூச்சி புறக்காரணம், பற்று அகக்காரணம். அமிர்தசந்திரர் அகக்காரணத்தை முன்வைத்தார். பகலில் உழைத்தவன் உண்பது பெரும்பாலும் பசிக்காக. இருள் சூழ்ந்து, வேலை ஓய்ந்து, மனம் தன்னந்தனியே நிற்கும் வேளையில் கை உணவை நாடுவது பெரும்பாலும் பசிக்காக அன்று.

பசியின் நான்கு வாயில்கள்

கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயர் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய அதே காலத்தில், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோமடசாரம் என்னும் பெருநூலை இயற்றினார். உயிர்கள் அனைத்திற்கும் இயல்பான நான்கு வேட்கைகளை, அதாவது உணவு, அச்சம், காமம், பொருட்பற்று ஆகியவற்றை, அது சம்ஞை என்னும் பெயரால் விளக்குகிறது. அவற்றுள் உணவு வேட்கை எழுவதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. உணவைக் காணுதல் ஒன்று. உணவைப் பற்றிய நினைவில் மனத்தைச் செலுத்துதல் மற்றொன்று. வயிறு வெறுமையாதல் மூன்றாவது. துன்ப நுகர்ச்சியைத் தரும் அசாதா வேதனீய வினை எழுதல் நான்காவது.

நான்கனுள் ஒன்றே வயிற்றுக்கு உரியது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். கண் ஒரு வாயில், நினைவு ஒரு வாயில், உள்ளிருந்து எழும் துன்பம் ஒரு வாயில். மனம் நோகும்போது உண்ணத் தூண்டப்படுதல் என்று இன்றைய உளவியலார் பேசுவதற்கு மிக அணுக்கமானதோர் உண்மையைச் சமண ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகைப்படுத்தி வைத்தனர்.

இதனோடு தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆர்த்த தியானத்தையும் இணைத்துப் பார்த்தல் தகும். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோவு, வரவிருக்கும் இன்பத்தை எண்ணி ஏங்குதல் ஆகிய நான்கையும் பற்றி மனம் சுழன்றுகொண்டே இருப்பதுதான் ஆர்த்த தியானம். பகலில் அலுவலகத்தில் பட்ட அவமதிப்பு, வெளிநாடு சென்ற மகனின் பிரிவு, துணையை இழந்தபின் வெறிச்சோடிய வீடு, தேர்வு முடிவு குறித்த கலக்கம் ஆகியவை எல்லாம் இரவில்தான் பேருருக் கொள்கின்றன. அவ்வேளையில் நாவுக்குக் கிடைக்கும் இனிப்பும் உவர்ப்பும் சில நிமிடம் அச்சுழற்சியை மறக்கச் செய்கின்றன. மறதி நீங்கியதும் பழைய துயரம் திரும்புகிறது. அதனோடு, உண்டதற்கான வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

நரி கற்பித்த பாடம்

குணபத்திரரின் உத்தரபுராணத்தில் வரும் பிரீதிங்கரர் வரலாறு இல்லங்களில் சிறுவர்க்குச் சொல்லத்தக்க கதை. சாகரசேன முனிவரிடம் ஒரு நரி இரவுண்ணா நோன்பை ஏற்றது. ஒருநாள் கடுந்தாகத்தோடு அது ஒரு கிணற்றில் இறங்கியது. உள்ளே இருள் கவிந்திருந்தது. இரவு வந்துவிட்டது என்று எண்ணி நீரைத் தொடாமல் மேலேறியது. மேலே பகலொளி. மீண்டும் இறங்கியது, மீண்டும் இருள். இவ்வாறு ஏறியும் இறங்கியும் நீர் பருகாமலே உயிர் துறந்து, அந்நரி மறுபிறப்பில் பிரீதிங்கரனாகத் தோன்றியது.

நரியைப் போலத் தாகத்தால் உயிர்விட வேண்டும் என்பது இக்கதையின் கருத்தன்று. அதனிடம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. நீர் எதிரே இருந்தும், தாகம் உள்ளே இருந்தும், இரண்டுக்கும் நடுவில் அது ஒரு கணம் நின்றது. இது இரவோ பகலோ என்று தன்னைக் கேட்டுக்கொண்டது. வேட்கைக்கும் செயலுக்கும் இடையே அந்த ஒரு கணத்தை உண்டாக்குவதே விரதத்தின் பயன்.

தமிழ் மண்ணின் சுவடுகள்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் பொலிகின்றன. அங்கே 57 நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையும், 30 நாள் அனசனம் நோற்ற இளைய பட்டாரரின் நிசீதிகையும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. வந்தவாசி வட்டத்து வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் 500 மாணவியரையும் காத்து உணவளிக்க அவ்வூரார் பொறுப்பேற்ற செய்தியைக் கூறுகிறது. உண்ணாதிருத்தலைப் போற்றிய அதே சமயம் உணவளித்தலையும் அறமாகப் போற்றியது. உணவு அதற்குப் பகையன்று. அளவும் பொழுதும் அறியாத உணவே பகை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும், முன்பு உண்டது செரித்ததை அறிந்தபின் அளவறிந்து உண்பவர்க்கு மருந்தே தேவையில்லை என்னும் கருத்தையே வலியுறுத்துகிறது.

பொன்னூர் மலையைச் சூழ்ந்த ஊர்களிலும், மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த ஊர்களிலும் தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வேளாண்குடியினராக வாழ்ந்தனர். விடியுமுன் எழுந்து கழனிக்குச் செல்வாருக்கு அந்திக்கு முன் உண்பதும் இருட்டியதும் உறங்குவதும் இயல்பான வாழ்க்கை. நோன்பும் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. விளக்கு வைப்பதற்குள் அடுப்படி வேலை முடிந்துவிடும். தாயும் பாட்டியும் ஓய்ந்து அமர்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொழுதாக அந்தி அமைந்தது.

மின்விளக்கு வந்தபின்

20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிற்றூர்களுக்கு மின்விளக்கு வந்தது. கல்வியும் அலுவலும் தேடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. சென்னையில் கார்த்திகைத் தொடக்கத்தில் கதிரவன் மறைவது ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கு, ஆடி மாதத்தில் 6.40 அளவில். முகூர்த்தக் கணக்கின்படி பார்த்தால், கார்த்திகையில் 5 மணிக்கு முன்பே உணவு முடிந்திருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து இரவு 8 மணிக்கு வீடு திரும்புவோர்க்கு இது எளிதன்று. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

ஆனால் நேரம் இன்மை மட்டுமே நோன்பைத் தளர்த்தவில்லை. பளிச்சென்ற வெளிச்சத்தில் பூச்சி விழுவதைப் பார்க்கலாமே, பிறகு ஏன் தடை என்னும் வினா எழுந்தது. புறக்காரணத்தை மட்டும் கற்பித்திருந்த பெரியோர்களால் இதற்கு விடை சொல்ல இயலவில்லை. அமிர்தசந்திரர் முதலில் வைத்த அகக்காரணம் மறக்கப்பட்டிருந்தது. மின்விளக்கு பூச்சியைக் காட்டும், பற்றைக் காட்டாது. இன்றோ குளிர்சாதனப் பெட்டி நள்ளிரவிலும் திறக்கிறது. கைப்பேசியின் திரையில் உணவின் படம் ஒளிர்கிறது. சிறிது நேரத்தில் வாயிற்கதவு தட்டப்படுகிறது. கோமடசாரம் கூறிய காணுதலும் நினைத்தலுமாகிய இரு வாயில்களும் இரவு முழுவதும் அடைபடாமல் இருக்கின்றன.

பிறர் கண்ட உண்மை

சமணர் அல்லாத பெரியோரும் இந்நோன்பின் வலிமையை உணர்ந்தனர். 1915 இல் அரித்துவாரக் கும்பமேளாவின்போது, தம்மை விருந்தோம்புவார் உணவுக்காகப் பெரும்பொருள் செலவிடுவதைக் கண்டு வருந்திய காந்தியடிகள், ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்றும், இருட்டியபின் உண்பதில்லை என்றும் உறுதி பூண்டார். சமண நெறியில் தோய்ந்த இராய்சந்திரரைத் தம் வாழ்வில் ஆழ்ந்த செல்வாக்குச் செலுத்தியவராக அவர் குறிப்பிடுவது அறிந்ததே.

1955 இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்டு என்னும் அமெரிக்க மருத்துவர் காலையில் பசியின்மை, மாலைக்குப்பின் மிகுதியாக உண்ணல், உறக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை 'இரவுணவு நோய்த்தொகுதி' என்னும் கருத்துப்படப் பெயரிட்டு விளக்கினார். மன அழுத்தக் காலங்களில் அது தலைதூக்குவதையும் சுட்டினார். உடலுக்குள் இயங்கும் பகலிரவுக் கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த அறிவியலார் மூவருக்கு 2017 இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிவியல் சான்று தந்தால்தான் அறம் நிற்கும் என்பதில்லை. எனினும் இரு வழிகள் ஓரிடத்தில் சந்திப்பது மகிழ்ச்சிக்குரியது.

மரபு காட்டும் வழி

இரவில் உணவை நாடும் மனத்தை வெல்ல மரபு தந்துள்ள கருவிகள் பல. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆறு புறத்தவங்களுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவை. முற்றும் உண்ணாதிருத்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. வயிற்றில் சிறிது இடம் விட்டு உண்ணுதல், இன்னவற்றையே உண்பேன் என முன்கூட்டி வரையறுத்தல், சுவைகளுள் ஒன்றை விலக்குதல் ஆகியவை ஏனைய மூன்று. முழு நோன்பு இயலாத குடும்பம், இரவு இத்தனை மணிக்கு மேல் அடுக்களைக் கதவு சாத்தப்படும் என்று வரையறை செய்துகொள்ளலாம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் அந்திக்கு முன் உண்டு பழகலாம். தின்பண்டங்களைக் கண்ணெதிரே வைக்காதிருத்தலும் ஒரு தவமே. ஒரு வாயில் அதனால் அடைபடுகிறது.

உண்ணத் தோன்றும்போது, இது வயிற்றின் அழைப்பா, மனத்தின் அழைப்பா என்று வினவுதல் இரண்டாம் படி. மனத்தின் அழைப்பு என்று தெரிந்தால், அதற்குரிய மருந்து தட்டில் இல்லை. 48 நிமிடச் சாமாயிகம் இயலாவிடினும், பஞ்ச நமஸ்காரத்தைச் சில முறை அமைதியாகச் சொல்லுதல் இயலும். வீட்டில் உள்ளவரிடம் துயரத்தை வாய்விட்டுச் சொல்லுதலும் இயலும். இரவில் தனியே தின்னும் பிள்ளையைக் கடிந்துகொள்வதைவிட, அருகில் அமர்ந்து என்ன வருத்தம் என்று கேட்பதே அருள்.

தவறியபின் என் செய்வது? இதற்கும் மரபில் இடமுண்டு. பிரதிக்கிரமணம் என்பது பிழையை ஒப்புக்கொண்டு நெறிக்குத் திரும்புதல். தன்னை வெறுத்துக்கொள்ளுதல் அன்று. ஒருநாள் வரம்பு மீறியதற்காக விரதமே போயிற்று என்று கைவிடுவதும், மறுநாள் முழுவதும் பட்டினி கிடந்து இரவில் மேலும் மிகுதியாக உண்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். தீர்த்தங்கர நிலைக்கு வழிவகுக்கும் பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் 'சக்திக்கேற்ப' என்னும் அடைமொழியோடுதான் கூறப்படுகின்றன. ஆதலால் நீரிழிவுக்கு மருந்து கொள்வோரும், கருவுற்ற மகளிரும், நோயுற்றோரும் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். தன்னால் அடக்கவே இயலாதவாறு உண்ணும் நிலை தொடருமாயின் அதுவும் மருத்துவத்துக்கு உரியதே. அதில் நாணத்துக்கு இடமில்லை.

திருவிழா நாள்களில் ஜினாலயங்களில் விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும்போது, முன்னோர் இல்லங்களில் அதே வேளையில் அடுப்புகள் அணைந்திருந்தன என்பதை இளையோர்க்கு எடுத்துச் சொல்லுதல் நன்று. இருளில் உண்ணாதே என்று மட்டும் சொல்லாமல், இருளில் எதற்காக உண்ணத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் அதனினும் நன்று. மாதரி மனையில் கோவலனுக்கு இருந்த அந்தப் பகற்பொழுதின் வரம்பு அவன் துயரத்தைப் போக்கவில்லை. ஆயினும் துயரம் அவன் ஒழுக்கத்தை விழுங்கிவிடாமல் காத்தது. இரவுண்ணா நோன்பு இன்றைய தலைமுறைக்குத் தரக்கூடியதும் அக்காப்பே.